தமிழ் தெரிந்த மிஸ்

"வியாழன் எனக்கு ஓஃப். காலையில பத்து மணிக்கு வாங்க. போட்டோ வேணாம்."

லோகேஸ்வரி மிஸ் எனக்கு அனுப்பிய துண்டுக் கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. திகதி போடவில்லை. கிடைத்த நாளை நானே மூலையில் பென்சிலால் குறித்துவைத்தேன்.

கண்டிக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அலவத்துகொடையில் எங்கள் வாசிகசாலை, பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் தொழில்களைப் பற்றி ஒரு கைநூல் போடுகிறது. தாதியர் தொழில் என் பங்கு. அதே ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வாட்டில் இன்னும் வேலை செய்கிறவர் இந்த மிஸ்; தாதியரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை மாற்றியிருக்கிறேன்.

புசல்லாவையில் பிரதான வீதியோரம் மிஸ்ஸின் வீடு. பதினைந்து கேள்விகளை இலக்கமிட்டுக் கொண்டுபோயிருந்தேன். தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன நானா, எனக்குப் பென்ஷன் ஃபைல் தொறக்கப் போறீங்களா?" முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பிள்ளைகளுக்கு, மிஸ். ஒழுங்கா இருக்கணுமே."

"சரி கேளுங்க. டீ ஆறுது, அதையும் குடிங்க."

முதல் நியமனம், பயிற்சி, வாட் மாறிய வருடங்கள் என்று எட்டுக் கேள்விகளுக்குத் திகதி பிசகாமல் பதில் சொன்னார். ஒன்பதாவது கேள்வி: இத்தொழிலில் ஆகக் கஷ்டமான வேலை எது?

"சொல்றது," என்றார்.

"விளங்கல்ல, மிஸ்."

"டொக்டர் சிங்களத்துல சொல்லுவாரு. தேயிலைத் தோட்டத்துலேருந்து வந்த சனத்துக்கு நான் தமிழ்ல சொல்லணும். நல்ல சேதின்னா சிரிச்சுக் கையக் காட்டியே சொல்லிருவாங்க. கெட்டதுக்குத்தான் என்னைத் தேடுவாங்க. நம்ம வாட்டுல மட்டுமா? ஐசியூ, பிள்ளைங்க வாட்டு, எங்கேருந்தும் போன் வரும். இப்ப பஸ்ஸுல ஒரு அக்கா என்னைக் கண்டதும் எந்திரிச்சுப் பின்னால போயிருச்சு. அது மேல கோபமில்ல நானா. அதோட மகன் போனதை நான்தானே சொன்னேன்."

என் பேனை நின்றுவிட்டது. வாட்டுகளில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்காக, தமிழ் தெரிந்த ஊழியர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்பியவன் நான். யாரும் கேட்டுச் செய்யவில்லை. தோட்டத்து நோயாளர்கள் ஒன்றும் விளங்காமல் நிற்பதைக் கண்டு நானாகச் செய்தது. அதில் பெருமையும் பட்டேன். மூன்று பெயர்கள்; ஒன்று இந்த மிஸ்ஸுடையது. பிறகு ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் வெளிநாடு போனார். அவ்விருவரின் ஃபைல்களை மூடியவனும் நானே. பட்டியலைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

அதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும் நானா. கீழ உங்க கையெழுத்து இருக்கே."

"ஏன் என்னட்ட சொல்லல்ல?"

"சொல்லி? நான் போகலன்னா அந்தச் சனத்துக்கு யாரு சொல்லுவா?"

பிறகு நான் கேட்காமலே தொடர்ந்தார்.

"எங்கப்பா நம்ம வாட்டுலதான் கடைசியா கெடந்தாரு. டொக்டர் எங்கிட்ட சொன்னாரு. வெளிய வந்தேன். அம்மா பெஞ்சுகிட்ட நின்னாங்க. 'இப்படி உக்காருங்கம்மா. கூட யாராச்சும் வந்திருக்காங்களா?'ன்னு கேட்டேன். எல்லார்கிட்டயும் முதல்ல கேக்குறது அதுதான். வாய் தானா கேட்டிருச்சு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'நீதானடி வந்திருக்க'ன்னாங்க."

மீதி ஆறு கேள்விகளை நான் கேட்கவில்லை.

சத்திரசிகிச்சைக் கத்தி, கத்தரிக்கோல்களை அவித்துச் சுத்தம் செய்யும் பகுதிக்கு மிஸ் மாற்றம் கேட்டு இரண்டு தடவை எழுதியிருக்கிறார். அங்கே யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாட்டில் வேறு தமிழ் மிஸ் இல்லை என்று இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். பட்டியலை அகற்றும்படியும், இவ்வேலைக்கென்றே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நியமிக்கும்படியும் நான் எழுதிக்கொண்டுபோய்ப் பழைய அலுவலகத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒருவர் பெயரை ஒரு வேலைக்கு எழுதுமுன் அவரைக் கேட்க வேண்டும். எழுதிய பிறகும் இடைக்கிடை கேட்க வேண்டும். இதைக் கற்க நான் ஓய்வு பெற வேண்டியிருந்தது.

மிஸ்ஸுக்கு மாற்றம் கிடைத்துவிட்டதென்று கண்டி பஸ் நிலையத்தில் ஆஸ்பத்திரி அட்டெண்டன் ஒருவர் சொன்னார். நான் எழுதிக் கேட்டதற்கு மிஸ்ஸிடமிருந்து பதில் வரவில்லை, அலுவலகமும் உறுதிப்படுத்தவில்லை. செய்தி உண்மையானால், அந்த வாட்டில் இப்போது யார் சொல்கிறார்கள் என்பதையும் நான் இன்னும் அறியவில்லை.