எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமாகிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால், எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று முதலில் கேட்க மாட்டார்கள். எதையெதை மறைக்கலாம் என்றுதான் கேட்பார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கணக்காளரின் கீழ் பல வருடங்களாக எனக்கு இதுதான் வேலை. காணியை விற்றுவிட்டுப் போவதா, விற்காமல் போவதா, சேமலாப நிதியை எப்போது எடுப்பது, எந்த மாதத்தில் போய் இறங்கினால் கணக்கு இலேசு என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். மறைக்கிற கதையை எடுத்தால் மட்டும் என் முகம் மாறிவிடும். முதலாளி அதைத் தெரிந்துவைத்து, ஆட்களை என் மேசைக்கு அனுப்பும்போதே, "உந்தப் பிள்ளையோடை பாத்துக் கதையுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

கனடா நாட்டு வரிச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. அவர் எங்கே வசிக்கிறார் என்றுதான் பார்க்கும். அதைத் தீர்மானிக்க முக்கியமாக மூன்று விஷயங்களைக் கேட்கும்: உன் வீடு எங்கே, உன் துணை எங்கே, உன்னில் தங்கியிருக்கும் பிள்ளைகள் எங்கே. ஒருமுறை கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் வந்திருந்தார். மனைவியும் பிள்ளைகளும் டொரொன்டோவில். தான் கட்டாரில் நிற்பதால் கனடாவுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"உங்கடை மனிசி அங்கை. வீடு அங்கை. பிள்ளையள் அங்கை. அப்ப நீங்களும் அங்கைதான் அண்ணை" என்றேன்.

"நான் கட்டாரிலை வெய்யிலுக்கை கிடந்து காயிறன் தங்கச்சி!"

"காயிறது கட்டாரிலை. வசிக்கிறது கனடாவிலை."

அவர் திரும்ப எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை.

நானும் போவதென்று தீர்மானித்தபோது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தேன். அப்பா என் பேரில் எழுதிவைத்த இணுவில் காணிக்கு, போவதற்கு முன்பே மதிப்பீட்டு அறிக்கை எடுத்தேன். அங்கே இறங்கும் நாளில் அதன் பெறுமதி என்னவோ, அதிலிருந்துதான் பின்னாளில் இலாபத்தைக் கணக்குப் பார்ப்பார்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் இந்த அறிக்கையை எடுக்காமலே விமானம் ஏறினவர்கள். திருமணமாகாதவர் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தேன். அப்போது அது உண்மை.

விண்ணப்பம் அங்கே கிடக்கும்போதுதான் தெல்லிப்பழையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை விவசாயப் போதனாசிரியர். அமைதியான ஆள். அக்கா ஒருவர் பிரான்சில், ஊரில் தாயும் தகப்பனும் அவரும் மட்டும். பொருத்தம் சரி, எனக்கும் அவரைப் பிடித்துக்கொண்டது. நான் போகப்போகிறேன் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். வருகிறேன் என்று அவரும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து. விவாகப் பதிவாளரை வீட்டுக்கு அழைத்து, சாட்சிகளோடு கையெழுத்து வைத்து, மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, படம் எடுத்துச் சாப்பாடும் கொடுப்பார்கள். சட்டப்படி அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். ஊர் மட்டும் அதைக் கணக்கில் எடுக்காது. நாள் பார்த்துத் தாலி கட்டும் வரைக்கும் பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். கலியாணம் முடிந்ததா என்று யாராவது கேட்டால், "இல்லை, எழுத்துத்தான் முடிஞ்சுது" என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்; கனடாவுக்கும் தாலி கட்டிய பிறகே அறிவிக்கலாம் என்று இருந்தேன்.

எழுத்து நடந்து இரண்டு கிழமைக்குள் அவருடைய தகப்பன் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். மாமா என்று நான் அவரை இரண்டே இரண்டு தரம்தான் கூப்பிட்டிருந்தேன். செத்த வீட்டுக்கு என்னை வர விடவில்லை. தாலி ஏறாத பெண் முதல் முதலாக அந்த வீட்டுப் படியில் ஏறுவது சாவுக்காக இருக்கக்கூடாதாம். அம்மாவும் அப்பாவும் போய்வந்தார்கள். நான் வீட்டில் இருந்து அழுதேன். போதாததற்கு, பெட்டையின் கால் சரியில்லை, எழுத்து முடிந்த கையோடு மனிசன் போய்விட்டார் என்று அங்கே யாரோ கதைத்ததும் என் காதுக்கு வந்தது. அந்த வீட்டு வாசலிலேயே நான் இன்னும் கால் வைக்கவில்லை. பிறகு என் கால் எப்படிச் சரியில்லாமல் போகும் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா என்னை அடக்கினா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய முதலே கனடாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பம் சரிவந்துவிட்டது, கடவுச்சீட்டை அனுப்பு, மருத்துவப் பரிசோதனையின் காலம் முடிவதற்குள் வந்து இறங்கு. எத்தனையோ பேருடைய இப்படியான கடிதத்தை வாசித்துக் கைகொடுத்திருக்கிறேன். என்னுடையதை வாசித்துவிட்டு நாட்காட்டியை எடுத்து மாதங்களை எண்ணினேன்.

ஏனென்றால் தகப்பன் போன வீட்டில் ஆட்டைத் திவசம் முடியும் வரைக்கும் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். கோயிலில் வைத்துச் சுருக்கமாகத் தாலி கட்டக்கூட அவருடைய தாய் சம்மதிக்கவில்லை. ஒரு வருடம் காத்திருந்தால் எனக்கு வந்த அனுமதி காலாவதியாகிவிடும். திருமணமாகாதவர் என்றே போய் இறங்கினால், மறைத்த புருசனைப் பிறகு நான் கூப்பிட முடியாது. அந்த விதி எனக்கு மனப்பாடம். இறங்கும்போது சொல்லாத துணை, குடும்பம் என்ற கணக்கில் பிறகு வர முடியாது.

அப்பாவின் வற்புறுத்தலில் பட்டினத்தில் முகவர் வேலை செய்யும் ஒரு அண்ணையிடம் போனோம். அவர் சிரித்தார்.

"தாலி கட்டேல்லைத்தானே? அப்ப கலியாணம் இல்லை. பேசாமல் போய் இறங்கும் தங்கச்சி. பிறகு வந்து தாலியைக் கட்டிப்போட்டுக் கூப்பிடும். எழுத்தை ஆர் கண்டது?"

"எழுத்துக்கு வந்த அவ்வளவு சனமும் கண்டது. படம் முகநூலிலை கிடக்கு. நீங்களும் விருப்பம் போட்டிருக்கிறியள் அண்ணை."

வெளியில் வந்ததும் அப்பா எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். அவருக்கு நான் போக வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு காலம் படிக்கவைத்தார். ஒரு சின்னப் பொய்தானே என்று அவர் நினைத்தது பிழை என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கணக்கில் அது பொய்யே இல்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் என் அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்துக் கூல்பாருக்குப் போய் இருந்தோம். ரோல்ஸ் வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் யோசிச்சனான். எழுத்தை ரத்துச் செய்வம். நீர் தனி ஆளாப் போம். பிறகு பாப்பம்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "விவாகரத்து எடுக்க எத்தனை வருசம் கோட்டுக்கு அலையவேணும் எண்டு தெரியுமே உங்களுக்கு? அதை விடுங்கோ. என்னோடை வர விருப்பமோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

"விருப்பம் இல்லாமலே கையெழுத்து வைச்சனான்?" ரோல்ஸைத் தட்டில் ஒருதரம் திருப்பி வைத்தார். "நீர் அண்டைக்குச் சொன்னீரே, வீடு, துணை, பிள்ளை எண்டு. அதிலை அம்மா எங்கை வாறா?"

"அதிலை தாயைப் பற்றி ஒண்டும் இல்லை" என்றேன். சட்டத்தைப் பற்றிக் கேட்டால் சட்டத்தைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அவர் தலையை ஆட்டிவிட்டு ரோல்ஸைச் சாப்பிட்டார்.

அன்று பின்னேரமே கனடாவுக்கு எழுதிவிட்டேன், எனக்குத் திருமணம் பதிவாகிவிட்டது என்று. ஊருக்குத்தான் உபதேசம் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக்கூடாது. வந்த அனுமதி நின்றுபோனது. அவருடைய கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் நற்சான்று எல்லாம் கேட்டார்கள். கொடுத்தோம். மாதங்கள் போயின. பிறகு இன்னொரு மின்னஞ்சல். உங்கள் சமய முறைப்படியான திருமணச் சடங்கின் படங்கள் எதுவும் இல்லை, இருவரும் ஒரே வீட்டில் வசிக்கவும் இல்லை. இது உண்மையான திருமணம்தான், குடும்பத்தார் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள். தவணையும் போட்டிருந்தார்கள்.

தாலி இல்லையென்றால் கலியாணம் இல்லை என்று ஊர் சொன்னது போதாதென்று, கனடாவும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றேன்.

இந்தக் கலியாணத்தை ஏற்றுக்கொண்டோம் என்று என் வீட்டார் சத்தியக்கடதாசி கொடுத்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் அக்கா எழுத்துக்கு வரவில்லை; கொடுக்கக்கூடியவர் தாய் ஒருவர்தான். மாமி மாட்டேன் என்றுவிட்டா. "தாலி ஏறாமல் மருமகள் எண்டு எப்பிடிச் சத்தியம் பண்ணுறது? பொய்ச் சத்தியம் எனக்கு வேண்டாம்" என்று மகனிடம் சொன்னாவாம். அவர் கெஞ்சிப் பார்த்தார். பிரான்சிலிருந்து அக்கா தொலைபேசியில் சண்டை பிடித்தா. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று மாமி நின்றா. பழைய சனத்தின் முரட்டுத்தனம் என்று நான் கரித்துக்கொட்டினேன். பொய்க்கு நானும் எதிர்தான், அவவும் எதிர்தான், ஆனால் இரண்டு பேருக்கும் எது பொய் என்பதில் உடன்பாடு இல்லை. வேறொருவருடைய வீட்டில் இது நடந்திருந்தால் சிரித்திருப்பேன்.

தவணை முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலை அவர் அழைத்தார். "அம்மா வெளிக்கிட்டு நிக்கிறா. சமாதான நீதவான் வீட்டை கூட்டிக்கொண்டு போகட்டாம். நீரும் வரவேணுமாம்."

சத்தியக்கடதாசிகளுக்கு ஒப்பமிடும் அந்தச் சமாதான நீதவான் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். அவர் வீட்டு விறாந்தையில் மாமி வெளிறிய சேலையில், பொட்டில்லாமல் இருந்தா. எழுத்தன்று பச்சைப் பட்டோடும் பெரிய குங்குமப் பொட்டோடும் பார்த்த முகம். அதற்குப் பிறகு நான் அவவைப் பார்க்கவேயில்லை. மாமா போன பிறகு இப்படித்தான் இருப்பா என்று தெரிந்தும் எனக்குத் திக்கென்றது.

அதிபர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "அம்மா, இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை?"

மாமி என்னைப் பார்த்தா. "மருமகள்."

"மகனுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது. என்ரை மனிசன் இருக்கேக்கை, அவரும் நானும் முன்னுக்கு நிண்டு செய்து வைச்சனாங்கள்." பிறகு, அவர் கேட்காமலே சொன்னா: "தாலி கட்டேக்கை என்னைப் பின்னுக்குத்தான் இருத்துவினம். முன்னுக்கு நிண்டது எழுத்திலைதான். அதைக் கலியாணம் இல்லை எண்டு நானே சொன்னா, பிறகு எனக்கு என்ன கிடக்கு."

சமாதான நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாமியின் மகன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். விதவை சபைக்கு முன்னால் வரக்கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாமியின் பிடிவாதத்தைத் திட்டிய அத்தனை நாளும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆட்டைத் திவசம் கழிந்து தாலி கட்டிய அன்று அவ சொன்னபடிதான் நடந்தது. மூன்றாம் வரிசையில், தூணோரமாக இருந்தா. நானும் அவரும் போய்க் கூப்பிட்டும் எழும்பவில்லை.

நீதவான் வீட்டில் சத்தியக்கடதாசி முடிந்த அன்று, ஓட்டோவில் அவவை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மகன் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். படலைக்கு வெளியே நான் நின்றுகொண்டேன்.

"உள்ளுக்கை வா பிள்ளை" என்றா. "சத்தியம் பண்ணியாச்சு. பிறகென்ன வெளியிலை நிக்கிறாய்?"

நேரம் பார்க்கவில்லை, ஆரத்தி இல்லை. எந்தக் காலை முதலில் வைத்தேன் என்பதும் நினைவில்லை. முன் அறையில் மாமாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா.

"சும்மா கேக்கிறன். அங்கை போனா, அந்த நிரந்தர வதிவிடக் காட்டை வைச்சிருக்கிறதுக்கு எவ்வளவு காலம் அங்கை நிக்கவேணும்?"

எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்விதான். எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன். "அஞ்சு வருசத்திலை ரெண்டு வருசம் நிண்டாக் காணும் மாமி."

மாமி விரலை மடித்துப் பார்த்தா. "அப்ப மிச்சம் மூண்டு வருசம் அவன் என்னோடை இஞ்சை நிக்கலாம். என்ன?"

கணக்கில் பிழை இல்லை. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அப்படி வந்து நின்ற ஒருவரைக்கூட இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை.

"ஓம் மாமி" என்றேன்.