மதியத்தில் சுருங்கும் பூட்ஸ்

யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் கிடங்கில் ஸ்டோர் கீப்பருக்குச் சம்பளம். மனிதர் அந்த வேலையை வீட்டுக்கும் எடுத்துப் போனார். காலையில் மனைவி, "முகமெல்லாம் உப்பியிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றால், இவள் ஏன் என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறாள் என்று யோசிப்பார்.

கிடங்கில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்பு பூட்ஸ். சாப்பாட்டு அறை வாசலில் கழற்றி அடுக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருநாள் சாப்பிட்டு வந்து காலை நுழைத்தால், நுழையவில்லை. காலையில் சரியாக இருந்த பூட்ஸ் மதியத்தில் எப்படிச் சுருங்கும்? எவனோ மாற்றிவிட்டான். அவர் பக்கத்தில் கழற்றிப் போடுகிறவன், கிடங்கில் பெட்டி கட்டும் பேக்கர், இருபது வருட சிநேகிதன். வேறு யார்?

ரகசியமாக நோட்டுப் போட்டார். தேதி, நேரம், எவ்வளவு இறுக்கம், கடைசியில் "அவனேதான்". பூட்ஸின் நாக்கில் சிவப்பு நூல் தைத்து வைத்தார். மறுநாள் நூல் அப்படியே இருந்தது, பூட்ஸ் இறுக்கியது. நூலையும் பார்த்து, மாற்றி வைத்த பூட்ஸிலும் அதே மாதிரி தைத்துவிட்டான், கைகாரப் பயல்!

இரண்டு மாதம் கழித்து, மாடிப்படியில் அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்ததைப் பார்த்தவனும் பேக்கர்தான். சாக்ஸை இறக்கிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினான். குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் மேலே வரவில்லை.

"என்னடா இது? கிளம்பு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தக் கட்டைச் சந்தேகப்படணும். உங்களை மாதிரி ரெண்டு காலும்னா இதயம், சிறுநீரகம், கல்லீரல், சாப்பிடற மாத்திரை, ஒண்ணையும் விடக் கூடாது. எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

ஸ்டோர் கீப்பர் வேறு வழியில்லாமல் நோட்டை நீட்டினார்.

"அடேங்கப்பா, இப்படி யாரும் எழுதிட்டு வந்ததில்ல" என்று டாக்டரம்மா சத்தமாகவே படித்தார். "நாலாம் தேதி, ரெண்டு மணி, மாத்தி வெச்ச பூட்ஸ்ல கயிறு கட்ட முடியல, அவனேதான். அஞ்சாம் தேதி, அவனேதான்... யாரு அவன்?"

ஸ்டோர் கீப்பரின் பார்வை தன்னையறியாமல் பேக்கர் பக்கம் போனது. பேக்கர் எழுந்து வெளியே போனான். ஸ்டோர் கீப்பருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சோதனையில் திருடன் அகப்பட்டான்: சிறுநீரகம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைமீறியிருக்குமாம். ஆனால் அன்றும் மறுநாள் காலையும், பேக்கர் வருவானா என்று அவர் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் பேக்கர் வந்தான். இரண்டு நம்பர் பெரிய செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தான்.

"உள்ள உன் பேரை எழுதிட்டேன். இனிமே நான் மாத்த முடியாது."

ஸ்டோர் கீப்பர் வாய்விட்டு அழுதார்.