வெளிமானின் பின்னால் ஓடியவள்

துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில், மானேஜர் நாற்காலிக்குப் பின்சுவரில் ஒரு மான் தலை மாட்டியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கேப்டன் ஒருவர் கொடுத்ததாம். அங்குள்ள புல்வெளியில் ஜீப்புக்குச் சமமாக ஓடுகிற ஜாதி. கப்பலில் வேலை கேட்டு என் அண்ணன் எத்தனையோ தடவை அந்தத் தலைக்குக் கீழே நின்றிருக்கிறான். போன வருஷம் ஆனியில் நானும் கூடப் போயிருந்தேன்.

"வல்லநாட்டுப் பக்கம் வெளிமான் கிடக்காமே தம்பி, அந்த முறுக்குக்கொம்பு மான்," என்றார் மானேஜர். "இவனுக்குப் பக்கத்துல ஒரு ஜோடி மாட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. நீ கொண்டுவந்தா, அடுத்து ஆள் எடுக்கும்போது உன்னை மறந்துருவேனா?"

அப்பாவின் மளிகைக்கடை ஒருவருக்கே போதாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும், "மூத்தவன் இன்னும் சும்மாதான் இருக்கானா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் புளி வாங்குவார்கள். திரும்பி வரும் வழியில் அண்ணன் சைக்கிளை மிதித்த வேகத்திலேயே அவன் முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களிடம் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. சாம்பல் நிறம், ஒட்டிய வயிறு, நீளக் கால்கள். குட்டி என்றுதான் பெயர், வளர்ந்த பிறகும். உப்பளங்களைத் தாண்டி முள் அடர்ந்த உடைமரக் காட்டில் அண்ணன் அவளை முயலுக்கு விடுவான். எங்கள் பக்கத்து வேட்டையில் நாய்க்கும் ஓர் ஆள் பங்கு உண்டு. அவள் பங்கை அவளுக்குக் கொடுக்காமல் அண்ணன் கறியைத் தொட்டதில்லை.

ஆடி பிறந்ததும் மாமாவின் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு வல்லநாட்டுக்குப் போனோம். குட்டி வழியெல்லாம் சைக்கிளோடு ஓடிவந்தாள். மலையடிவாரப் பொட்டலில் பெண்மான்களுக்கு நடுவே ஒரு கருத்த ஆண் நின்றது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வானத்தைத் திருகித் துளைப்பதுபோலக் கொம்பு. ஆனால் அது துப்பாக்கிக்கு எட்டாத தூரம்.

"குட்டி நம்ம பக்கம் திருப்பிக்கொண்டு வந்துருவா," என்றான் அண்ணன்.

"முயல் வளைஞ்சு ஓடும், மறிச்சிருவா. இது நேரா ஓடும்ணே."

"நீ புஸ்தகத்துல ஓடுத மானைப் பாத்தவன். சும்மா கெடலே."

கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

மான் மேற்கே, காற்றுக்கு எதிராக ஓடியது. குட்டி பின்னாலேயே. முதலில் எனக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது. அப்படி ஓர் ஓட்டத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. வெயில் ஏறிய பிறகும் இரண்டும் நிற்கவில்லை. அண்ணன் விரலை மடக்கி விசிலடித்தான். மேல்காற்று விசிலை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது. முயல் வேட்டையில் ஓட்டம் சட்டென்று முடிந்துவிடும். பாதியில் விட்டுவிட அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "ஏளா குட்டி, நில்லு! நில்லு!" என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் ஓர் உடைமரத்தடியில் சாய்ந்து கிடந்தாள். மூக்கில் ரத்தம். விலா மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. அண்ணன் துண்டை நனைத்து அவள் வாயில் பிழிந்தான். தண்ணீர் அப்படியே வெளியே வழிந்தது. பிறகு விலாவும் நின்றது.

கொஞ்சம் தள்ளி அந்த ஆண்மான் நின்றிருந்தது. கால்கள் நடுங்க, வாய் பிளந்து, இனி ஓர் அடி ஓட முடியாமல். அண்ணன் எழுந்தான். அவன் சுடமாட்டான் என்றே நினைத்தேன். சுட்டான். வெடிச்சத்தத்துக்கும் அது திரும்பவில்லை, முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது.

மானின் தலையை அறுத்தெடுத்தான். அந்த உடைமரத்தடியிலேயே குழி தோண்டிக் குட்டியைக் கிடத்தினான். பிறகு மான் ஈரலில் ஒரு பங்கை நறுக்கி, குழிக்குள் அவள் வாய்க்கருகில் வைத்துவிட்டு மண்ணைத் தள்ளினான். அப்போதும் அவன் அழவில்லை.

கொம்பைச் சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிக் கொண்டுபோனோம். மானேஜர் பிரித்துப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மூடு தம்பி, மூடு. இப்பப் புதுச் சட்டம் வந்திருக்குல்லா? இதைத் தொட்டாலே ஜெயிலு. இங்கன தெனமும் ஆபீசருங்க வாரானுக."

அண்ணன் சுவரைக் காட்டினான். "அப்ப அது?"

"அது வெளிநாட்டு மான். அதை யாரு கேக்கப்போறா?"

"என் வேலை ஸார்?"

"அதை அப்புறம் பாப்போம். முதல்ல இதைக் கொண்டு போ. பின்வாசல் வழியாப் போயிரு."

பின்வாசலில் சுமைதூக்கிகள் மூட்டைகளோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படியிலேயே, சாக்கை மடியில் வைத்து, அண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, குட்டி செத்துட்டா," என்றான். எனக்கே அப்போதுதான் சேதி சொல்லுகிறவன்போல. அதற்கப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

மூட்டையோடு வந்த ஒருவர் நின்று, "வீட்டுல யாரும் தவறிட்டாகளா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

"சின்ன வயசா?"

"ஆமா," என்றேன்.