முதுகில் ஊறிய பத்து கிலோ அரிசி

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, லண்டன் ஹரோவில் நடந்தது இது. ஜோர்டான் பாலைவனத்தில், மலையிடுக்குகள் வழியாக ஆறு நாள் மூட்டை சுமந்து நடக்கும் குழு ஒன்றில் பெயர் கொடுத்திருந்தேன். அதற்கு முன் ஒரு சோதனை நடை: பன்னிரண்டு கிலோ பையுடன் இருபது கிலோமீட்டர். தேறினால்தான் ஜோர்டான். ஊரில் அம்மா அப்பாவிடமும், இங்கே அலுவலகம் முழுக்கவும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வங்கிப் படிவத்திலிருந்து விசா வரை நானே படித்து நானே நிரப்பித்தான் பழக்கம். கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஆள் இருந்த இடங்களிலும் பிறகு நான் கேட்டதில்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

கனத்துக்குத் தண்ணீர் பாட்டில்கள் கொண்டு வாருங்கள், களைத்தால் கொட்டிவிடலாம் என்று வழிகாட்டி எழுதியிருந்தார். அவர் ஐம்பது வயது ஆங்கிலேயப் பெண்மணி. எனக்குச் சிரிப்பு வந்தது. சுமந்துபோய்க் கொட்டவா? வெம்பிளியில் பத்து கிலோ பொன்னி அரிசி வாங்கி, அந்தத் துணிப்பையோடு அப்படியே உள்ளே வைத்தேன். நடந்தது போலவும் ஆச்சு, மாத அரிசி வாங்கியது போலவும் ஆச்சு. பைக்கு மழையுறை வாங்கவில்லை. பாலைவனத்தில் மழை ஏது?

ஹரோவில் மழை இருந்தது. முதல் மணி நேரத்திலேயே பிடித்துக்கொண்டது. இரண்டாவது மணியில் பை என்னைப் பின்னால் இழுத்தது. மூன்றாவதில் எல்லாரையும் முன்னே விட்டு, சேற்றில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தேன். சரியாக இருக்கிறீர்களா என்று வழிகாட்டி மூன்று முறை திரும்பி வந்து கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று மூன்று முறையும் சிரித்தேன். உள்ளே அழுகை. படித்தவளுக்கு உடம்பில் பலம் மட்டும் இல்லையோ?

குழுவில் இல்ஃபோர்ட்காரர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்து அண்ணை. எனக்குத் துணையாகப் பின்தங்கி என் பின்னால் வந்தவர் திடீரென்று நின்றார்.

"தங்கச்சி, உங்கட பையிலயிருந்து கஞ்சி வடியுது."

திரும்பிப் பார்த்தேன். நான் வந்த வழியெல்லாம் வெள்ளையாக ஒரு கோடு. அரிசி மழையைக் குடித்து ஊறி, முதுகிலேயே கனத்துக்கொண்டிருந்தது.

"சமைக்கவோ வந்தனீங்கள், நடக்கவோ?"

"வெயிட்டுக்குண்ணா..." என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் முன்னே போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

பாதியைப் புதரில் கொட்டிவிடுங்கள், பறவைகள் தின்னும் என்றார் வழிகாட்டி. "ஐயோ, வேண்டாம்!" என்று நானும், "அரிசியைக் கொட்டவோ? ஏலாது!" என்று அண்ணையும் ஒரே நேரத்தில் கத்தினோம். வழிகாட்டி பயந்தே போனார். கடைசியில் ஏழு பேரும் சாண்ட்விச் டப்பாக்களில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியில் ஏந்திக்கொண்டு நடந்தார்.

நடையைத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பியதும் வழிகாட்டி என்னைத் தனியாக அழைத்தார். நான் தேறவில்லை. அரிசிக்காக இல்லையாம். மூன்று முறை கேட்டும் உண்மையைச் சொல்லவில்லையே, பாலைவனத்தில் அப்படி ஒருவர் இருந்தால் எல்லாருக்கும் ஆபத்து என்றார். அடுத்த சனிக்கிழமை மறுபடி நடக்கலாம், ஒரே நிபந்தனை: வழியில் மூன்று உதவிகளாவது நானே கேட்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை இருபது கிலோமீட்டர்கூட எளிதாக இருந்தது. கேட்பதுதான் வாயில் வரவில்லை. முதலில், துணைக்கு வந்திருந்த அண்ணையிடம் ஷூ லேஸ் கட்டிவிடச் சொன்னேன்.

"இவ்வளவு படிச்சும் லேஸ் கட்டத் தெரியாதோ?"

"தெரியும். ஆனா கேட்கணுமாம்."

"அப்ப கேளுங்கோ, கேளுங்கோ" என்று குனிந்தார்.

இரண்டாவதாக மணி கேட்டேன், என் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டே. மூன்றாவதுக்குப் பொய்க்காரணம் எதுவும் கிடைக்கவில்லை. தோள் வலிக்கிறது என்ற உண்மையையே வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் பையின் இடுப்பு வாரை இறுக்கி, தோள் வாரைத் தளர்த்தினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்த நடைக்காகத் தனியாக எடுத்த இரண்டு மாதப் பயிற்சியில் நான் பல்லைக் கடித்துத் தாங்கிய வலி அப்படியே போய்விட்டது.

ஜோர்டானுக்குப் போனேன். மூன்றாம் நாள், பாறைச் சுவர்களுக்கு நடுவே, "கொஞ்சம் நிற்கலாமா, கால் கொப்பளித்துவிட்டது" என்று முதலில் கேட்டது நான்தான்.

இப்போதும் ஏதாவது புரியாவிட்டால் என் வாய் "தெரியும்" என்றுதான் தொடங்குகிறது. அதைப் பாதியில் நிறுத்திக் கேட்கும்போது என் படிப்பில் ஓர் எழுத்தும் குறைந்துவிடுவதில்லை என்பதை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன்.