பதினேழு கருவியும் என் வண்டி நட்டும்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊர்ப் பெயர்கூடச் சிலது மறந்துபோகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் குடியிருக்கிற ஹப்சிகுடாவிலிருந்து போங்கீர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். நானும் நூர்ஜஹானும் சைக்கிளில் போய், அவள் மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கித் திரும்புவதாக ஏற்பாடு. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தவர்கள். வேலைக்குப் போய்வந்த அதே லேடீஸ் சைக்கிள்தான் இன்றைக்கும். என் மகன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான்.

"வழியில வண்டி நின்னுபோய் எனக்குப் போன் பண்ணின, அதோட சைக்கிள வித்துடுவேம்மா."

அதற்காகத்தான் கையோடு கொண்டுபோக ஒரு ரிப்பேர் கருவி வாங்க நானும் மகனும் கிளம்பினோம்.

சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. பேகம்பேட்டில் ஒரு பெரிய சைக்கிள் கடை. மடக்குக் கத்தி மாதிரி கம்பி கம்பியாக விரிகிற கருவிகளைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். பதினோரு வேலை செய்வது தொள்ளாயிரம், பதினேழு வேலை செய்வது ஆயிரத்து அறுநூற்றைம்பது. எல்லாம் மகனிடம் இங்கிலீஷில் சொன்னார். ஓட்டுகிறவள் நான், என் பக்கம் திரும்பவே இல்லை. என் வண்டி நட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்க நினைத்தேன். வாய் எழவில்லை. "பதினேழு இருக்குதும்மா, இதுல இல்லாததா" என்று மகன் பெரியதையே வாங்கினான்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். உப்பல் தாண்டியதும் மேம்பால வேலை நடக்கிற ரோடு, ஒரே குண்டும் குழியும். ஏழு மணிக்கு நாரபள்ளி தாண்டி என் பின்சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கம்பியில் உரசியது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்து நட்டு கையால் திருகினாலே சுற்றுகிறது.

கருவியை விரித்தேன். பதினேழையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஆறுமூலைக் கம்பியும் திருப்புளியும்தான். நட்டைப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"மகனுக்குப் போன் நக்கோ, வேணாம் அக்கா," என்றாள் நூர்ஜஹான். "அந்த பொம்மைய உள்ள வை. தள்ளு."

இரண்டு கிலோமீட்டர் தள்ளினோம். நடுவில் மகனே போன் செய்து எங்கே இருக்கிறாய் என்றான். நாரபள்ளி தாண்டிவிட்டோம் என்றேன். பொய் இல்லையே.

பஞ்சர் கடைக்காரர் பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு நட்டையும் முறுக்கினார். இரண்டு நிமிஷ வேலை. என் கருவியை உருட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சாமான்தான், வேறு ரக வண்டிக்கானது என்று தெலுங்கில் சொன்னார். அவர் கேட்டு வாங்கியது பத்து ரூபாய். பன்னிரண்டே முக்காலுக்குப் போங்கீர் மலை கண்ணில் பட்டது. நூர்ஜஹான் மகள் கறிக்குழம்பு வைத்திருந்தாள். அங்கேயும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. கடைக்காரர் மேல் பாதி, வாய் திறக்காத என் மேல் பாதி.

திங்கட்கிழமை திரும்பினோம். செவ்வாய் காலை பேகம்பேட்டுக்குச் சைக்கிளிலேயே போனேன். அந்த வழவழ தரையில் வண்டியைக் கடைக்குள் தள்ளி ஸ்டாண்டு போட்டேன். வெளியே நிறுத்துங்கள் ஆன்ட்டி என்றார் கடைக்காரர். கருவியை அவர் கையில் கொடுத்து எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்:

"பதினேழில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இந்த நட்டைக் கழற்றிக் காட்டு."

நாலு கம்பி மாற்றினார். கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். இந்த மாதிரி வண்டி என்று தெரியாதே என்றார்.

"என்னைக் கேட்டாயா?" என்றேன்.

உள்ளே போய் ஒரு பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் கொண்டுவந்தார். இரண்டு நட்டிலும் நானே போட்டுத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கருவிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கினேன். ஸ்பேனருக்கு நூற்றிருபது. மகனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை விற்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை. எடுத்தால் பதில் இருக்கிறது: போன் பண்ணினது நீதான், நான் இல்லை.

கருவி வாங்கப் போகிறவர்கள் வண்டியையும் தள்ளிக்கொண்டு போங்கள். நான் எழுதிய தூரம், நேரம் எல்லாம் தப்பாக இருக்கலாம். அந்த ரோடு தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். நட்டின் நம்பரை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதை நானே போட்டுப் பார்த்துவிட்டேன்.