ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை

நீக்கிலாஸுக்குக் கோபம் வரக் காரணமே தேவையில்லை என்று கனடாவின் மல்வேர்னில் சொல்லித் திரிகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அவருடைய காரில் நயாகராவுக்குப் போய் வந்தவர்கள். லண்டனில் இருந்து மாமி வந்தால், பாரிஸில் இருந்து சகலன் வந்தால், ஜேர்மனியில் இருந்து யாருடையவோ தங்கையின் மாப்பிள்ளை வந்தால், "நீக்கிலாஸ் அண்ணை கொண்டுபோய்க் காட்டுவார்" என்று அவரைக் கேட்காமலே முடிவாகிவிடும். பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஆறு நாள் வேலை. ஏழாம் நாள் நயாகரா. முப்பத்தொரு தடவை போய்விட்டார். அந்த நீர்வீழ்ச்சியைப்போல அவர் வெறுத்த தண்ணீர் உலகத்தில் கிடையாது.

ஆனால் அவருடைய ஒரே ஆசை இன்னொரு நீர்வீழ்ச்சியைப் பார்ப்பது. இதில் ஏதும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"அது ஆக்களுக்குக் காட்டுற தண்ணி," என்பார். "இது நான் பாக்கப்போற தண்ணி."

அந்தத் தண்ணீரை அவர் முதலில் கண்டது பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், ஒரு பழைய சஞ்சிகையில். மெக்சிக்கோவின் தெற்குக் காடு; மாயர்கள் கட்டிவிட்டுப்போன கற்கோயில்கள்; பக்கத்திலே நீலமாய் விழும் அருவி. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், பலமாக இருமிக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தார். நான்கு வருடம் அது திருஇருதயப் படத்தின் பின்னால் செருகிக் கிடந்தது.

நான்கு வருடம் காத்திருந்ததும் கோபத்தால்தான். அவரிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். எந்த எல்லையில் அதை நீட்டினாலும் ஓர் உத்தியோகத்தர் அதைப் புரட்டுவார், பிறகு இன்னொருவரைக் கூப்பிடுவார், பிறகு ஒரு சின்ன அறை. "உதோடை நான் ஒரு இடமும் போகமாட்டன்" என்று நீக்கிலாஸ் சொல்லிவிட்டார். 1996 கடைசியில் கனடாப் பாஸ்போர்ட் வந்தது. 1997 மார்ச், பள்ளிக்கூட விடுமுறைக்கு விமானச் சீட்டுப் பதிந்தார். அவர், மனைவி ஜோசப்பின், பதின்மூன்று வயது மகள் ஜூலி.

கீழ்வீட்டு மகேஸ்வரன் அவருடன் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். செய்தி கேட்டு மேலே வந்தார்.

"அண்ணை, அந்த மெக்சிக்கோவிலை மூண்டு வருசத்துக்கு முன்னம் அடிபாடு நடந்ததெல்லே. காட்டுக்குள்ளை இயக்கம், றோட்டிலை ஆமி. காசு கட்டி ஆமி பாக்கப் போறியளோ? வவுனியாவிலை சும்மா காட்டினவங்களே."

"நான் கனடாப் பாஸ்போர்ட்டோடை போறன். ஒரு நாய் என்னை மறிக்காது."

"பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போவாங்களாம். வழிகாட்டியும் வருவானாம்."

"பஸ்ஸிலையோ? நான் காரை ஓடுவன், நான் நிப்பாட்டுவன். நான் நினைச்ச இடத்திலை."

இந்தக் கடைசி வார்த்தைகளை வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது. நீக்கிலாஸ் வைத்திருக்கவில்லை.

கான்கூனில் இறங்கி, வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் எடுத்து, இரண்டு நாள் ஓடி, கோயில்களுக்குப் பக்கத்திலுள்ள சிறு நகரத்தில் அறை எடுத்தார்கள். மறுநாள் காலை அருவிக்குப் புறப்பட்டார்கள். மலைவழி, இரு பக்கமும் காடு. ஜோசப்பின் வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தாள். நீக்கிலாஸ் விசிலடித்தார். கலியாணமான பதினாறு வருடத்தில் அவர் விசிலடித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு வளைவு திரும்பியதும் மண்மூட்டை தெரிந்தது. பின்னால் பச்சை உடுப்பு, தோளில் துவக்கு.

யாழ்ப்பாணத்தில் நீக்கிலாஸ் வாடகை வான் ஓட்டியவர். எண்பத்தெட்டில் நாட்டை விடும்வரை யாழ்ப்பாணம்–வவுனியா றோட்டில் எத்தனை காவலரணைத் தாண்டினார் என்று கணக்கில்லை. அதற்கு ஒரு முறை இருந்தது. ஐம்பது யார் தூரத்துக்கு இப்பாலே நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்து, சாவியைக் கூரைமேல் வைக்க வேண்டும். எல்லாரும் இறங்கி, தொப்பி இருந்தால் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். இந்த முறையை மறந்த ஒரு வான்காரர் பிறகு வீட்டுக்கு வரவில்லை. மறக்காத நீக்கிலாஸ் வந்தார்; அவருடைய வானில் ஏறியவர்களும் வந்தார்கள்.

அன்றும் மறக்கவில்லை. ஐம்பது யார் தூரத்துக்கு இப்பாலே கார் நின்றது. சாவி கூரைக்குப் போனது. நீக்கிலாஸ் முன்னே, பாஸ்போர்ட்டுகளை உயர்த்திப் பிடித்தபடி, தொப்பியைக் கழற்றிய ஜோசப்பின் அடுத்து, கடைசியில் ஜூலி. மூவரின் கைகளும் மேலே.

அதுவரை அந்தப் படைவீரர்கள் வெளிநாட்டுக்காரரின் கார்களைப் பார்க்காமலே கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பெடியள். நடுறோட்டில் காரை விட்டுவிட்டுக் கையைத் தூக்கியபடி ஒரு குடும்பம் நடந்துவருவதை அவர்கள் எங்கும் கண்டிருக்கமாட்டார்கள். கண்டதும் துவக்கை எடுத்தார்கள். யார்தான் எடுக்கமாட்டார்கள்?

இரண்டு மணித்தியாலம். காரின் இருக்கையைக் கழற்றினார்கள். டயரைத் தட்டினார்கள். மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து ஒருவன் நக்கிப் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டி, மற்றவனுக்கும் கொடுத்தான். அந்த நேரத்துக்குள் மூன்று சுற்றுலா பஸ்கள் நிற்காமலே போயின. ஒன்றில் இருந்த கிழவி ஜோசப்பினுக்குக் கை காட்டினாள்.

விட்டதும், காருக்குள் முதலில் வெடித்தவள் ஜூலி.

"அப்பா, ஒருத்தரும் ஸ்டொப் எண்டு சொல்லேல்லை. நோபடி! ஏன் இறங்கினீங்கள்?"

"கதையாதை."

"அது சரி, எனக்கு ஏன் கை மேலை போனது? எனக்கு ஊரிலை நடந்தது ஒண்டுமே ஞாபகமில்லை. ஐ வோஸ் ஃபோர்! நீங்கள்தான் பழக்கினீங்கள்!"

"பிள்ளை, அப்பாவோடை உப்பிடிக் கத்தாதை," என்றாள் ஜோசப்பின். பிறகு அவரிடம் திரும்பினாள். "உங்களைச் சொல்லி என்ன? நானும் தொப்பியைக் கழட்டினனான். வெக்கங்கெட்டவள்."

நீக்கிலாஸ் கியரை மாற்றினார். படைமீது கோபப்படக் காரணம் தேடிப் பார்த்தார். அவர்கள் ஒன்றும் செய்யவில்லையே. எட்டு வருடம் குளிரில் நின்று பாண் அடுக்கிப் பெற்ற பாஸ்போர்ட், கையில் இருந்தும் அவரைக் காருக்குள் இருத்தி வைக்கவில்லை. துவக்கைக் கண்டதும் கால் தானாக இறங்கியது. அந்தக் காலை என்ன செய்வது?

அருவி சஞ்சிகையில் இருந்ததைவிட நீலமாக இருந்தது. நீக்கிலாஸ் அதற்கு முதுகைக் காட்டிக் கல்லில் இருந்தார்.

"ஒருக்கால் திரும்பிப் பாருங்கோவன். உதுக்குத்தானே வந்தது," என்றாள் ஜோசப்பின்.

"கண்டனான்."

"எப்ப கண்டனீங்கள்?"

"பல்லுக்காரன்ரை இடத்திலை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பாரும். திரும்பிப் போகேக்கையும் அவங்கள் நிப்பாங்கள். நான் இறங்கினால் பிறகு மனிசனில்லை. சீட் பெல்ட்டைப் போட்டிட்டு இருக்கிறன், அந்தக் கொளுக்கியை நீர் அமத்திப் பிடியும். நான் கழட்டப் பாத்தாலும் விடாதையும்."

ஜோசப்பின் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில், வளைவுக்கு ஒரு மைல் முன்னமே இரண்டு கையாலும் கொளுக்கியைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

மண்மூட்டை தெரிந்தது. அந்த ஐம்பது யார் தூரமும் வந்தது. நீக்கிலாஸின் கை கதவுக்குப் போய்த் திரும்பியது. கார் நிற்கவில்லை. மிளகாய்த்தூளை நக்கியவன்தான் நின்றான். இவர்களை அடையாளம் கண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, போகலாம் என்று கையசைத்தான்.

போயிருக்கலாம். வேண்டியதும் அதுதானே. நீக்கிலாஸ் சடாரென்று பிரேக்கை மிதித்தார்.

கார் அவன் மூக்குக்கு நேரே நின்றது. கண்ணாடியை இறக்கிப் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"பார்."

அவன் மறுபடியும் கையசைத்தான்.

"பாரடா! போ எண்டுறாய், பாக்காமல் என்னெண்டு போ எண்டுவாய்? நான் ஆரெண்டு பார்!"

"அப்பா, ப்ளீஸ்," என்று ஜூலி இருக்கைக்குள் அமிழ்ந்தாள். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. ஜோசப்பின் கொளுக்கியை விடவில்லை. பிடித்த கை வெளுத்திருந்தது.

அவனுக்குத் தமிழ் தெரியாது. கோபம் தெரிந்திருக்கும். பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பவும் படத்தைப் பார்த்தான். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, தன் பாஷையில் ஏதோ சொன்னான். நீக்கிலாஸ் வசவு சொல்கிற குரலில் "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

கோபம் அதோடு அடங்கியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நீக்கிலாஸைத் தெரியாது. மறுநாள் மாயர் கோயிலின் செங்குத்தான படிகளை ஒரு மூச்சில் ஏறி, உச்சியில் உட்கார்ந்தார். ஜோசப்பினும் ஜூலியும் இளைத்து இளைத்துப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். கீழே காட்டுக்குள் சிதைந்த மாளிகை, கூரையில்லாத மண்டபங்கள். அவருக்கு அது பழக்கப்பட்ட காட்சி.

"ஆர் குண்டு போட்டது?"

ஜூலி சுற்றுலாப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஒருத்தரும் போடேல்லை அப்பா. தே ஜஸ்ட் லெஃப்ட். ஏன் எண்டு வடிவாத் தெரியாதாம்."

"என்ன, சும்மா விட்டிட்டுப் போனவங்களோ?" நீக்கிலாஸ் எழுந்துவிட்டார். "இவ்வளவு கல்லையும் அடுக்கிப்போட்டு? ஒருத்தன் துரத்தாமல்? ஒருத்தன் போ எண்டு சொல்லாமல்? விசரங்களோ?"

"நீங்கள் நேற்றுக் காரை விட்டு இறங்கின மாதிரித்தான்," என்றாள் ஜூலி.

ஜோசப்பின் மகளின் தொடையில் கிள்ளினாள். நீக்கிலாஸ் மகளை முறைத்தார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார், இம்முறை இன்னும் அழுத்தமாக.

ஐந்து மணிக்கு இடம் மூடும். மற்றவர்கள் இறங்கிப்போனார்கள். கீழே காவலாளி விசில் ஊதினார்.

"வாங்கோவன், பூட்டப்போறாங்கள்," என்றாள் ஜோசப்பின்.

"வந்து சொல்லட்டும்."

"விசில் ஊதுறானெல்லே!"

"விசிலுக்கு நான் இறங்கமாட்டன். ஒருத்தன் எனக்குப் பக்கத்திலை வந்து, என்ரை முகத்தைப் பாத்து, இறங்கு எண்டு சொல்லட்டும். பிறகு இறங்கிறன்."

காவலாளி மூன்றாம் தடவை ஊதினார். பிறகு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்து, இவர்களை அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டு, முதல் படியில் காலை வைத்தார்.