கல்வேலியோரம் மூன்று அடி

மார்செல்லா ஜோசார்ட்டுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கையில் இருக்கும் பொருளை மேசைமேல் மெதுவாக வைப்பாள், அவ்வளவுதான். மாவட்ட மண் நீர் பாதுகாப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். காப்பிக் கோப்பையை அவள் ஓசைப்படாமல் வைத்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

மார்ச் மாதம் பனி உருகத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, கெல்சி ரெனார்ட் என்ற இளம்பெண் ஒரு கையில் மூன்று மாதக் குழந்தையும் மறு கையில் ஊறுகாய்ச் சீசாவுமாக உள்ளே வந்தாள். சீசாவில் இருந்தது அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். தேநீர் நிறத்தில் இருந்தது. மூடியைத் திறந்ததும் அறை முழுக்க மாட்டுக்கொட்டகை வாடை.

"இதுலதான் என் பிள்ளைக்குப் பால் பவுடர் கலக்கணுமா? சொல்லுங்க, கலக்குறேன்."

"கலக்காதே. குளிப்பாட்டவும் வேண்டாம். கடையில கேன் தண்ணி வாங்கு."

"வாங்கத்தான் செய்யுறேன். எத்தனை வருஷத்துக்கு வாங்கணும்? இதைத் தடுக்கத்தானே உங்க ஆபீஸ் இருக்கு? இல்ல, சும்மா போர்டு மட்டுந்தானா?"

மார்செல்லா பேனாவை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

ரெனார்ட் வீட்டுக்கு மேற்கே, சற்று மேட்டில் இருக்கும் நாற்பது ஏக்கர் நார்பர்ட் லார்டின்வாவுடையது. ஆயிரத்து இருநூறு கறவை மாடுகள் வைத்திருப்பவர். அவற்றின் சாணமும் மூத்திரமும் கரைசலாகக் குளம் போலத் தேங்கும். குளிர்காலத்தில் குளம் நிரம்பினால் டேங்கரில் ஏற்றி உறைந்த நிலத்தின்மேல் ஊற்றிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் இருப்பது விரிசல் விட்ட சுண்ணாம்புப் பாறை. மேலே ஊற்றியது விரிசல் வழியாக இறங்கி யார் வீட்டுக் கிணற்றில் வேண்டுமானாலும் எழுந்து நிற்கும். அதனால்தான் மாவட்டத்தில் ஒரு விதி போட்டார்கள்: பாறைக்கு மேலே மூன்று அடி மண் இருக்கும் வயலில் மட்டும்தான் குளிர்காலத்தில் ஊற்றலாம். அந்த மூன்று அடியை அலுவலக ஆள் ஒருவர் நேரில் அளந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

இந்த விதியைக் கண்காணிக்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. குழுவின் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? நார்பர்ட் லார்டின்வாதான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட எல்லோரும் அதே கடைக்குத்தானே போக வேண்டும்.

கெல்சி போன பிறகு மார்செல்லா அந்த நாற்பது ஏக்கரின் கோப்பைத் தேடி எடுத்தாள். மூன்று இடங்களில் அளந்திருந்தது. மூன்றடி ஓரங்குலம், மூன்றடி இரண்டங்குலம், மூன்றடி. கீழே, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியோடு, அவளுடைய கையெழுத்து.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அக்டோபர் மாதம். நார்பர்ட்டின் மனைவி காப்பியும் உலர்ந்த பிளம்ஸ் வைத்துச் சுட்ட பலகாரமும் கொடுத்து உபசரித்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு அளவுக்கம்பியோடு வயலுக்கு நடந்தபோது நார்பர்ட் கூடவே வந்தார்.

"கோதுமை இப்பத்தான் முளைச்சிருக்கும்மா. நடுவுல போய் மிதிக்காதே, வேலியோரமா குத்திப் பாத்துக்கோ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவளும் சரி என்று வேலியோரமாகவே நடந்தாள். அது கல்வேலி. ஒவ்வொரு வசந்தத்திலும் வயலில் பொறுக்கிய கற்களைத் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையாக ஓரத்தில் அடுக்கி உண்டானது. மேட்டிலிருந்து உழவோடும் மழையோடும் இறங்கி வரும் மண் அந்த வேலியில் முட்டி அங்கேயே தங்கும். வேலியோரம் மண் ஆழமாக இருக்கும், நடுவயல் மெலிந்து கிடக்கும். மார்செல்லாவும் அப்படி ஒரு பண்ணையில் கல் பொறுக்கி வளர்ந்தவள்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை. இரண்டு துண்டுப் பலகாரத்துக்கும் ஒரு நல்ல வார்த்தைக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தாள். அந்த வயலில் மட்டுமா? கோப்பு கோப்பாகப் புரட்டிப் பார்த்தாள். அறுபத்து மூன்று வயல்கள். எல்லாமே வேலியோரம். எல்லாமே அவள் கையெழுத்து. நார்பர்ட்மேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது.

ஏப்ரல் கூட்டத்தில் கெல்சியின் புகார் வந்தது. நார்பர்ட் தன் நாற்காலியை மேசையிலிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இது என் நிலம் சம்பந்தப்பட்டது. அதனால நான் ஓட்டுப் போட மாட்டேன். எழுதிக்கோங்க."

ஓட்டுப் போடாத அந்தக் கை, தலைவருக்குரிய மரச் சுத்தியலை மட்டும் விடவில்லை.

"நான் அன்னிக்குத் தப்பா அளந்துட்டேன்," என்றாள் மார்செல்லா. "நடுவயல்ல மறுபடியும் அளக்கணும். அனுமதி கொடுங்க."

"நிலத்துக்காரன் கூப்பிடாம அளக்க முடியாதே," என்றார் நார்பர்ட். "இது உன் கையெழுத்துதானே? உன் கையெழுத்தை நீயே நம்பலேன்னா நாங்க யாரைம்மா நம்புறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கெல்சி சிரிக்கவில்லை. காகிதம் ஒழுங்காக இருப்பதாகக் குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அக்டோபரில் குழுவின் வருடாந்தரச் சுற்றுப்பயணம் வந்தது. மஞ்சள் பள்ளிப் பேருந்தில் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு, புல் வளர்த்த ஓடை, மரம் நட்ட கரை என்று கண்ணுக்குக் குளிர்ச்சியானதையெல்லாம் காட்டி, மதியம் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் கொடுத்து, ஒரு படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் கண்துடைப்பு. ஏற்பாடு செய்வது எப்போதும் மார்செல்லாதான். இந்த முறை மூன்றாவது நிறுத்தத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேருந்து நார்பர்ட்டின் நாற்பது ஏக்கர் அருகே நின்றது.

"இங்க எதுக்கு நிறுத்தினே?"

"உங்க நிலம், நீங்களே வந்திருக்கீங்க. நான் அளக்கப் போறதில்ல. நீங்க அளங்க." அளவுக்கம்பியை அவரிடம் நீட்டினாள்.

அவர் கையை நீட்டவில்லை. குழுவில் இருந்த பெவ் வாட்டியே என்ற ஓய்வுபெற்ற தபால்காரி பேருந்துப் படியில் நின்று சொன்னாள்: "என்ன நார்பர்ட், கம்பி தூக்க முடியாத அளவுக்கு வயசாயிடுச்சா? சொல்லுங்க, நான் வேணா பிடிக்கிறேன்."

மற்றவர்கள் எதிரில் அவருக்குப் பொறுக்கவில்லை. கம்பியைப் பிடுங்கிக்கொண்டு நடுவயலுக்கு விறுவிறுவென்று நடந்து ஓங்கிக் குத்தினார். பத்து அங்குலத்தில் பாறை இடித்தது. இன்னோர் இடத்தில் பதினொன்று. மூன்றாவது இடத்தில் ஒன்பது. மார்செல்லா வேலியைக் காட்டினாள். அங்கே குத்தியதும் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல மூன்றடியும் இறங்கிற்று.

"நார்பர்ட்," என்றாள் பெவ், "ஐம்பது வருஷமா இதை உழுறீங்க. கலப்பை பாறையில இடிக்கிற சத்தம் ஒரு நாள்கூடக் கேக்கலையா?"

மதியச் சாப்பாட்டில் நார்பர்ட் தட்டைத் தொடவே இல்லை.

நவம்பர் கூட்டத்துக்கு அவர் தயாராக வந்தார். வழக்கறிஞரை வைத்து ஒரு தீர்மானம் எழுதி, அவரையும் கூட்டி வந்திருந்தார். அந்த நாற்பது ஏக்கர் குளிர்காலப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஆனால் குற்றம் நிலத்துக்காரருடையதோ குழுவுடையதோ அல்ல. வேலியோரமாக அளந்த ஊழியர் மார்செல்லா ஜோசார்ட்டின் அளவை முறை தவறானது, நம்பத்தகாதது என்று குழு முடிவு செய்கிறது. அதை அந்த ஊழியரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார். பழி முழுவதையும் அவள் தலையில் கட்டிவிட்டு, ஒரு வயலை மட்டும் விட்டுக் கொடுத்துக் கை கழுவப் பார்த்தார். வழக்கம்போல நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கலாம்னுகூடச் சிலர் சொன்னாங்க. நான்தான் பாவம்னு விட்டேன்," என்றார்.

பின்வரிசையில் கெல்சி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கேன்.

மார்செல்லா தாளை இரண்டு முறை படித்தாள். முப்பத்தொரு ஆண்டு வேலையும் அந்த ஒரு சொல்லுக்குள் முடங்கிக் கிடந்தது: நம்பத்தகாதது. அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் பொய்யென்று சொல்ல முடியவில்லை.

"வேலியோரமா அளந்த என் முறையே நம்பத்தகாததுன்னு எழுதியிருக்கு. அப்படித்தானே?"

"நீயே சொன்னதுதானேம்மா அது," என்றார் நார்பர்ட்.

"சரி. ஓட்டெடுங்க."

நான்கு பேரும் கை தூக்கினார்கள். மார்செல்லா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மெதுவாக, மிக மெதுவாக மேசைமேல் வைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து வழக்கறிஞர் முன்னால் வைத்தாள்.

"அறுபத்து மூணு வயல். எல்லாத்தையும் இதே முறையில, இதே மாதிரி வேலியோரமா அளந்தவ நான்தான். இப்ப அந்த முறை செல்லாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நம்பகமான அளவு இல்லாத வயல்ல டேங்கர் இறங்கக் கூடாதுங்கிறது விதி. இதுல ஒன்பது வயல் உங்களுது, நார்பர்ட்."

நார்பர்ட்டின் முகம் பீட்ரூட் ஆனது. "அது அந்த ஒரு நிலத்துக்கு மட்டுந்தான்!"

வழக்கறிஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முறைன்னு எழுதிட்டோமே, ஐயா," என்றார் தாழ்ந்த குரலில்.

"அப்ப திரும்ப ஓட்டெடுக்கணும்! நானும் போடுறேன்!"

"நீங்க எப்படிப் போடுவீங்க?" என்றாள் பெவ். "ஓட்டில்லைன்னு சொல்லித்தானே நாற்காலியைத் தள்ளிப் போட்டீங்க. அங்கேயே இருங்க."

மற்ற மூவரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். கெல்சி கேனிலிருந்து பால் புட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருவரும் கை தூக்கவில்லை.

இதை வெற்றி என்று மார்செல்லா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் அவள் பெயரும் நம்பத்தகாதது என்ற சொல்லும் ஒரே தலைப்பில் வந்தன. வெள்ளிக்கிழமை மீன் கடையில் தெரிந்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். இருபத்திரண்டு குளிர்காலம் எத்தனை வீட்டுக் குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தன என்ற கணக்கை அவளால் போடவே முடியவில்லை. கெல்சியின் கிணறு தெளிய இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ, அதுவும் யாருக்கும் தெரியாது.

ஆனால் குளிர்காலம் காத்திருக்குமா? நார்பர்ட்டின் சாணிக்குளம் நிரம்பிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எப்பம்மா வர்றே அளக்க?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனாள். அவர் மனைவி வாசலில் காப்பியோடு நின்றாள். மார்செல்லா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் வயலுக்கு நடந்தாள். கோதுமை விரல் உயரம் பச்சையாக முளைத்திருந்தது. வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக நடுவயலுக்குள் இறங்கினாள்.

"ஏய், ஏய்! பயிரை மிதிக்கிறியேம்மா!" என்று பின்னாலிருந்து கத்தினார் நார்பர்ட்.

"ஆமா," என்றாள் மார்செல்லா, நிற்காமல். "மிதிக்கத்தான் வந்திருக்கேன்."